செனட்டரும் சத்தமில்லாத வண்டியும்

அந்த அக்டோபரில் டெல்மர் டிட்வெல் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் ஒரு விஷயத்தையாவது தானே முடிவு செய்வது என்பதுதான் அந்த முடிவு.

முப்பத்திநாலு வருஷக் குடித்தனத்தில் அவர் முடிவு செய்தவை ரொம்பக் குறைச்சல். பிக்கப் வண்டியின் நிறம் ஓப்பல் சொன்னது. எந்தத் தேவாலயம், அதில் எந்த வரிசையில் உட்காருவது, அதுவும் ஓப்பல் சொன்னது. நாய்க்குப் பெயர் வைக்கும் உரிமை மட்டும் அவருக்குக் கிடைத்தது. 'ராக்கெட்' என்று வைத்தார். ஓப்பல் அதை 'பேபி' என்று கூப்பிட்டாள். நாய் எந்தப் பெயருக்கு வருகிறது என்று பார்த்தாலே அந்த வீட்டு அரசியல் புரிந்துவிடும்.

ஆகஸ்டில் டெல்மரின் இடது முழங்காலில் கத்தி வைத்தார்கள். மேடு பள்ளத்தில் நடக்கவே கூடாது என்றார் மருத்துவர். அலபாமாவில் டிட்வெல் தம்பதிக்கு இருந்த நூற்று நாற்பது ஏக்கரில் மேட்டையும் பள்ளத்தையும் கழித்தால் மிஞ்சுவது வேலி மட்டும்தான். நிலம் ஓப்பலின் அப்பா விட்டுப்போனது. வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்கும். மேட்டில் பைன் மரங்கள், அவற்றின் நடுவே ஒரு பழைய பரண், செம்மண் சரிவு, கீழே ஓடை. ஓடைக்கு இப்பால் மான்கள் மேய ஓட்ஸ் விதைத்த திடல். திடலைப் பார்த்தாற்போல் ஜன்னல் வைத்த ஒரு மரப் பரண். வேட்டைக் காலம் பூராவும் சனிக்கிழமைகளில் டெல்மர் குடியிருப்பது அதில்தான்.

"ஒரு கோல்ஃப் வண்டி வாங்கிக்கோங்க. முட்டியை வெச்சுக்கிட்டு எப்படி நடப்பீங்க?" என்று ஓப்பலே சொன்னாள். "எலெக்ட்ரிக்கா பெட்ரோலான்னு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? டெல்மரின் மனம் எலெக்ட்ரிக் வண்டிக்குத் தாலி கட்டியே விட்டது. காரணம் இரண்டு.

வெளியே சொல்லக்கூடிய காரணம் செனட்டர். மரத்தில் கட்டியிருந்த கேமராவில் சிக்கிய கலைமான் அது. கொம்பில் பத்துக் கிளை. ஓசியில் மேய்ந்துவிட்டு, எப்போதாவது ஒரு முறை முகம் காட்டி, கூப்பிடுவதற்குள் காணாமல் போய்விடுவதால் டெல்மர் அதற்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். இலை விழும் சத்தத்துக்கே காதைத் திருப்பும் ஜந்து அது. அதை நெருங்க ஓசையில்லாத வண்டி வேண்டும்.

வெளியே சொல்ல முடியாத காரணம் ஓப்பல். சனிக்கிழமை விடியலில் அவர் எந்த வண்டியை உயிர்ப்பித்தாலும் சமையலறை ஜன்னல் திறக்கும்.

"ஏங்க! போறதுக்கு முன்னாடி கூரைத் தண்ணிக் குழாய்ல அடைச்சிருக்கிற இலையை அள்ளிட்டுப் போங்க!"

இலையை அள்ளினால் ஏணியை வைக்கப் போக வேண்டும். ஏணியை வைக்கப் போனால் கொட்டகைக் கதவு ஆடும். கதவைச் சரிசெய்து முடிக்கும்போது காட்டிலிருக்கும் மான்கள் காலை உணவை முடித்துப் படுக்கைக்குப் போயிருக்கும். செனட்டருக்குக் கேட்காத வண்டி ஓப்பலுக்கும் கேட்காது அல்லவா?

அன்றே அவர் ராஸ்கோவின் கொட்டகைக்குப் போனார். ராஸ்கோ, ஓப்பலின் பெரியப்பா மகன். கோல்ஃப் மைதானத்தில் கழித்துப்போடும் வண்டிகளை வாங்கி வந்து, உடம்பை உயர்த்தி, பெரிய டயர் மாட்டிக் காட்டுக்குத் தகுந்தாற்போல் ஆக்கி விற்பது அவர் பிழைப்பு. அன்று இரண்டு வண்டிகள் தயாராக நின்றன. பச்சை நிறத்தில் ஒன்று, எலெக்ட்ரிக். இலை தழை வரைந்த ஒன்று, பெட்ரோல்.

"மச்சான், உள்ளதைச் சொல்லு. எது நல்லது?"

"அது உன் தேவையைப் பொறுத்தது, மாப்ள. பெட்ரோல் வண்டி பாரம் இழுக்கும், சேத்துல ஏறும். தீர்ந்துபோனா ஒரு கேன் ஊத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். ஆனா நீ வர்றது அரை மைலுக்கு முன்னாடியே மானுக்குத் தெரிஞ்சுடும். போதாக்குறைக்குப் புகை நாத்தம் வேற. எலெக்ட்ரிக் பூனை மாதிரி போகும். ஆனா சார்ஜ் போட மறந்தா பாதி வழியில படுத்துக்கும்."

"எனக்கு எலெக்ட்ரிக்தான்."

"எடுத்துக்கோ. அதை ஏன் கிசுகிசுன்னு சொல்றே? இங்க நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"பழக்கம்" என்றார் டெல்மர். பிறகு ஒரு டயரின் மேல் உட்கார்ந்து தன் திட்டத்தை அவிழ்த்தார். "இதோ பாரு, நான் கிழக்குன்னா உன் தங்கச்சி மேற்கும்பா. நான் எலெக்ட்ரிக் வேணும்னு வாயைத் திறந்தா, கதை முடிஞ்சுது. அதனால பெட்ரோல்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கப்போறேன்."

"ஆபரேஷன் பண்ணின கால்லயா?"

"நல்ல கால்லடா! அவ எலெக்ட்ரிக்னு பிடிவாதம் பிடிப்பா. நான் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, மூணாவது நாள் போனாப் போகுதுன்னு விட்டுக்கொடுப்பேன். அவளுக்கு ஜெயிச்ச சந்தோஷம். எனக்கு வண்டி."

ராஸ்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவளை நான் தொட்டில்ல இருந்து பார்க்கிறேன், மாப்ள. எதுக்கும் பார்த்து நடந்துக்கோ."

"உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது."

"என் வாயா? கல்லறை!"

கல்லறைக்குக் கதவு உண்டா என்று டெல்மர் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பொரித்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும். டெல்மர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். உப்புக் குப்பி துள்ளியது.

"ஓப்பல்! நல்லா யோசிச்சுட்டேன். பெட்ரோல் வண்டிதான் வாங்கறோம்."

"சரிங்க."

"நீ என்ன சொன்னாலும் நான் கேக்கப்போறதில்ல, ஏன்னா இது வேட்டை விஷயம், இதுல... என்ன சொன்னே?"

"சரின்னேன். பெட்ரோலே வாங்கிக்கோங்க. மீன் இன்னொண்ணு வெக்கட்டுமா?"

டெல்மரின் கையிலிருந்த முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. கதவை முட்டித் திறக்க ஓடி வந்தவனுக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தால் எப்படி இருக்கும்? மனசளவில் டெல்மர் அப்படியே அடுத்த அறைச் சுவர் வரைக்கும் போய் விழுந்தார்.

"நீ ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"வேட்டைக்குப் போறது நீங்கதானே? எனக்கென்ன தெரியும்?"

'எனக்கென்ன தெரியும்' என்ற வாசகம் அந்த வீட்டில் ஒலிப்பது அதுவே முதல் தடவை. அடுப்போரம் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"சத்தம் போடுமே, ஓப்பல்."

"வண்டின்னா சத்தம் போடத்தானே செய்யும்?"

"புகை வருமே."

"நீங்க என்ன அதைப் படுக்கையறையிலா ஓட்டப்போறீங்க?"

"மானெல்லாம் ஓடிப்போயிடுமே!"

"அப்புறம் ஏன் பெட்ரோல் வேணும்கறீங்க?"

டெல்மர் திணறினார். "அது... பாரம் இழுக்கும். சேத்துல ஏறும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. நாளைக்கே ராஸ்கோ அண்ணன்கிட்டச் சொல்லிடறேன்."

"அவசரப்படாதே!" கத்திவிட்டார். பிறகு குரலை இறக்கினார். "காரியம் பெரிசு. ரெண்டையும் நம்ம நிலத்துல ஓட்டிப் பார்த்துடலாம். நீயும் வா. நீயே பார்த்துச் சொல்லு."

தட்டை எடுக்க நீண்ட ஓப்பலின் கை ஒரு கணம் நின்றது. "நானுமா?"

"ஆமா, நீயும்தான்."

"வர்றேன்" என்றாள். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டமாதிரி இருந்தது. டெல்மர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பெட்ரோல் வண்டியை அவள் எதிரிலேயே எப்படி மட்டம் தட்டுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ராஸ்கோ இரண்டு வண்டிகளையும் இழுத்து வந்து இறக்கினார். பெட்ரோல் வண்டியை ஓப்பலிடம் தள்ளிவிட்டு, பச்சை வண்டியில் டெல்மர் ஏறிக்கொண்டார்.

ஓப்பல் ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தாள். வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி, இருமி, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினாற்போல் அலறியது. பைன் மரங்களிலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பி அடுத்த மாவட்டத்துக்குப் போயின. டெல்மருக்குக் கேட்கக் கேட்க இனித்தது. ஆனால் அந்த வண்டி செம்மண் சரிவில் மூச்சு வாங்காமல் ஏறியது. அவள் ஓட்டிய விதமும் முதன்முதலாக ஓட்டுகிறவள் ஓட்டுவது மாதிரி இல்லை.

டெல்மர் தன் பங்குக்குப் பச்சை வண்டியில் வழுக்கிக்கொண்டு போனார். பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்த காட்டு வான்கோழிக் கூட்டத்துக்குப் பத்தடி பக்கத்தில் போய் நிறுத்தினார். ஒன்றுகூட நிமிரவில்லை.

"பார்த்தியா? பார்த்தியா?" என்று திரும்பிக் கூவினார். அந்தக் கூவலில் வான்கோழிகள் பறந்துவிட்டன.

உற்சாகம் தலைக்கேறினால் கண் தெரியாது. நேரே ஓடைக்கரைச் சேற்றில் கொண்டுபோய் விட்டார். சக்கரம் சுழன்றது. வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினார். சேறு அவர் முகம் வரை வந்தது, வண்டி அச்சு வரை இறங்கியது. பிறகு பேட்டரி ஒரு பெருமூச்சோடு கண்ணை மூடிக்கொண்டது. ராஸ்கோ அரைகுறையாக சார்ஜ் போட்டிருந்தார்.

ஓப்பல் கயிற்றைக் கட்டி, பெட்ரோல் வண்டியால் அவரை இழுத்தாள். இழுபட்டுக்கொண்டே டெல்மர் எலெக்ட்ரிக் வண்டியின் புகழ் பாடினார். சேற்றிலிருந்து வரும் புகழ்ச்சிக்கு ஒரு தனி உருக்கம் இருந்தது. திடலோரம் வறண்ட பாதைக்கு வந்ததும் ஓப்பல் எஞ்சினை அணைத்தாள்.

"நிஜமாவே இதுல புகை நாத்தம் வராதா?"

"ஒரு துளி வராது. மானுக்குப் பக்கத்துல போய்க் காதைத் திருகலாம்!"

"திடல் வரைக்கும் போயிட்டு வர சார்ஜ் தாங்குமா?"

"முழுசாப் போட்டா மூணு தடவை போயிட்டு வரலாம். சேத்துல இறங்காம, பாதையிலேயே போனாப் போதும்."

"அப்போ பெட்ரோல் வண்டி மேட்டுப்பக்கம் வந்தா மானெல்லாம் எங்க ஓடும்?"

ஆகா, மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது! பெட்ரோல் வண்டியின் கெடுதலை அவளே கேட்கிறாள்! டெல்மர் வண்டியிலிருந்து இறங்கி, கையை நீட்டி, படம் வரைந்து காட்டாத குறையாக விளக்கினார். "மேட்டுல சத்தம் கேட்டா அத்தனையும் சரிவுல இறங்கி ஓடைக்கு வரும். இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் பாறை. இந்தத் திடலைத் தாண்டித்தான் போகணும். வேற வழியே கிடையாது. அவ்வளவும் நாசம்!"

"ஓகோ" என்றாள் ஓப்பல். பிறகு பரணில் ஏறி ஜன்னலைத் தள்ளி, திடலை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிதானமாகப் பார்த்தாள். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"எனக்கு இப்ப எல்லாம் புரிஞ்சுபோச்சுங்க. ராஸ்கோ அண்ணன்கிட்ட நானே பேசிக்கறேன்."

பின்னாலேயே நடந்து வந்திருந்த ராஸ்கோவைப் பார்த்து டெல்மர் கண்ணடித்தார். ராஸ்கோ அவசரமாக மேகத்தைப் பார்த்தார்.

நவம்பரில் துப்பாக்கி வேட்டை தொடங்கும் சனிக்கிழமை வந்தது. வண்டி வெள்ளி மாலை கொட்டகைக்கு வந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓப்பல் சொல்லியிருந்தாள். விடிவதற்கு முன்பே டெல்மர் எழுந்தார். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு, தரைப் பலகை கிறீச்சிடும் இடங்களையெல்லாம் தாண்டித் தாண்டி நடந்தார். சமையலறையில் விளக்கு எரிந்தது.

ஓப்பல் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையில் நின்று ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேஜையில் அவள் அப்பாவின் துப்பாக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று கிடந்தது.

"எங்க போறே?"

"வேட்டைக்கு. பூட்ஸை மாட்டுங்க, சளி பிடிக்கும்."

"உனக்கு லைசென்ஸ்?"

"செப்டம்பர்லயே எடுத்துட்டேன்."

"செப்டம்பரா? செப்டம்பர்ல வண்டிப் பேச்சே எடுக்கலையே!"

"வண்டி வாங்கலாம்னு முதல்ல சொன்னது யாருங்க?"

டெல்மர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "துப்பாக்கி சுடத் தெரியுமா உனக்கு?"

"பன்னிரண்டு வயசுலயே எங்கப்பா கத்துக்கொடுத்தார். அதே திடல்லதான். விட்டுப்போச்சு. அதான் புதன்கிழமைதோறும் ராஸ்கோ அண்ணன் கொட்டகைக்குப் பின்னாடி பழகிட்டிருந்தேன்."

"பாட்டுக் குழுவுக்குப் போறேன்னு சொன்னியே?"

"நீங்க பெட்ரோல் வேணும்னு சொன்ன மாதிரிதான்."

கொட்டகைக் கதவைத் திறந்தாள். இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பச்சை வண்டியின் சார்ஜர் கயிற்றை அவள் பிடுங்கிச் சுருட்டினாள்.

"இலை தழை போட்டது உங்களுது. ஆசைப்பட்டுக் கேட்டீங்களே. இந்தப் பச்சை எனக்கு."

"ரெண்டு வண்டிக்கு ராஸ்கோ எப்படி ஒத்துக்கிட்டான்?"

"ஒண்ணுக்குப் பதிலா உங்க படகைக் கொடுத்துட்டேன்."

"என் படகையா!"

"நாலு வருஷமா அதுல மிதந்தது இலை மட்டும்தானே?" என்றாள். "சரி, மேட்டுப் பரண் உங்களுக்கு. திடல் பரண் எனக்கு."

"திடல் பரண் என்னுது, ஓப்பல்!"

"அது எங்கப்பா அடிச்ச பலகை." சற்று நின்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "முப்பத்திநாலு வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜன்னல்ல நின்னு உங்களைக் கூப்பிட்டேன். இலை அள்ளத்தான் கூப்பிடறேன்னு நினைச்சீங்க. 'நீயும் வா'ன்னு போன மாசம்தான் முதல் தடவையாச் சொன்னீங்க. அதுவும் வண்டி பார்க்க."

டெல்மர் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டக் குனிந்தார். நிமிர்வதற்குள் பச்சை வண்டி போய்விட்டிருந்தது. அது போன சத்தமே அவருக்குக் கேட்கவில்லை. வண்டியின் சிறப்பு அதுதான் என்று அவரே நூறு தடவை சொல்லியிருந்தார்.

விடியும் நேரத்துக்கு, முணுமுணுத்துக்கொண்டே பெட்ரோல் வண்டியைக் கிளப்பினார். வண்டி இருமிற்று, அலறிற்று. சரிவில் ஏறி மேட்டைச் சுற்றி வளைந்தபோது பைன் மரங்களுக்கு நடுவே வெள்ளை வால்கள் விசிறி மாதிரி எழும்பின. ஒன்று, நாலு, ஒன்பது. எல்லாம் ஒரே திசையில் சரிவில் இறங்கி ஓடின. கடைசியாக, அவசரமே இல்லாமல், தலையில் பத்துக் கிளையைத் தாங்கிக்கொண்டு ஒன்று போயிற்று.

செனட்டர்!

டெல்மர் பிரேக்கை மிதித்தார். வேலி, பாறை, ஓடை, திடல். கையை நீட்டித் தான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது. "ஐயோ" என்று ஆரம்பித்தார்.

கீழேயிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம் ஓப்பலுக்குக் கிடையாது. அந்த ஒரு வெடியில் டெல்மருக்கு மானும் போயிற்று, மானமும் போயிற்று.

இறங்கிப் போனார். திடல் நடுவில் அந்தப் பெரிய கலைமானின் கழுத்தில் கையை வைத்தபடி ஓப்பல் மண்டியிட்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. இத்தனை பெரிய மானை அந்த நிலத்தில் அவள் அப்பாவும் வீழ்த்தியதில்லை.

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். பொறாமைப்படலாம் என்றுதான் வந்தார். முடியவில்லை. "நல்ல குறி, ஓப்பல்" என்றார். மனசாரச் சொன்னார்.

"நிஜமாவா?"

"நிஜமா. நானா இருந்தா ரெண்டு குண்டு ஆகியிருக்கும்."

"மூணு" என்றாள் ஓப்பல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. உடனே பழைய ஓப்பலாகி எழுந்தாள். "உங்க வண்டியைப் பின்னாடி எடுங்க. மான் இருநூறு பவுண்டு தேறும். பச்சை வண்டி தாங்காது."

"நான் ஏன் தூக்கிட்டு வரணும்?"

"பாரம் இழுக்கப் பெட்ரோல்தான்னு மேஜையைத் தட்டிச் சொன்னது யாரு?"

மேஜையைத் தட்டியவர் மானைக் கட்டினார். அவள் முன்னால் பூனை போல் போக, அவர் பின்னால் பாரத்தோடு அலறிக்கொண்டு வீடு சேர்ந்தார். கொட்டகை வாசலில் ராஸ்கோ ஓப்பல் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தை வாய் நிறையத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் முக்கால் தட்டுக் காலி.

"மச்சான், உன் வாய் கல்லறைன்னு சொன்னியேடா!"

"கல்லறைதான், மாப்ள. இவ இதே பலகாரத்தோட வந்து கேட்டா. எழுந்து உட்கார வேண்டியதாப் போச்சு."

"எப்பச் சொன்னே?"

"நீ கொட்டகையை விட்டுப் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும்."

டெல்மர் வண்டிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். ஆனாலும் மனசுக்குள் ஒரு சின்ன வெளிச்சம். இனிமேல் சனிக்கிழமை என்றால் இலை அள்ளும் வேலை இல்லை. கூப்பிட ஜன்னலில் ஆள் இல்லை. இரண்டு பேரும் காட்டில். யோசித்துப் பார்த்தால் தோற்ற மாதிரியே இல்லை. அடுத்த வாரம் முறை மாற்றிக்கொள்ளலாம், திடல் பரண் தனக்கு, மேட்டுப் பரண் அவளுக்கு. நியாயம்தானே? தொண்டையைச் செருமினார்.

"ஓப்பல், அடுத்த சனிக்கிழமை நான் எந்தப் பக்கம் போகட்டும்?"

ஓப்பல் சார்ஜரைப் பச்சை வண்டியில் மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னைக்குப் போன பக்கமே போங்க, அதே வேகத்துல. உங்க வண்டிக்கு ஒரு பெரிய ஹாரன் மாட்டச் சொல்லியிருக்கேன்."